ஜிபார்ட்டெட் லைவ்: அவசரப்படாத கருவி, அதிகம் பேசாத கருவி

விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸையும் நிறுவ முனைபவர்களில் பெரும்பாலோர் இடறி விழுவது லினக்ஸில் அல்ல. அதற்கு முன்பே, வன்தட்டைப் பிரிக்கும் திரையில்தான். விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவும் தேர்வு சிலருக்குத் திரையில் வராமலே போகும். சிலருக்கு, கோப்புகள் நிறைந்த வன்தட்டு முழுவதும் காலியிடமாகத் தெரியும். இன்னும் சிலருக்கு 40 ஜிபி இடம் கண்ணெதிரே கிடந்தும் அதில் புதிய பார்ட்டிஷன் (வன்தட்டில் தனியாகப் பிரித்த பகுதி) எதையும் உருவாக்க முடியாது. இந்த மூன்று நிலைகளிலும் நான் சிக்கியிருக்கிறேன்; மூன்றிலிருந்தும் வெளியே வர எனக்கு உதவியது ஜிபார்ட்டெட் லைவ் என்ற இலவசக் கருவி. ஆனால் அதைப் பரிந்துரைக்கும்போதெல்லாம் சில எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால், இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிபார்ட்டெட் 2004இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். வன்தட்டின் பார்ட்டிஷன்களைப் படமாகக் காட்டி, அவற்றை உருவாக்கவும் அழிக்கவும் சுருக்கவும் நகர்த்தவும் உதவுவது அதன் வேலை. உள்ளே உண்மையில் உழைப்பவை லிப்பார்ட்டெட் என்ற நூலகமும், ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் முறை) தனித்தனியாக உள்ள சிறு நிரல்களும். ஜிபார்ட்டெட் அவற்றை முறையாக வரிசைப்படுத்தி ஏவும் மேற்பார்வையாளர். இதையே டெபியன் லினக்ஸின் மேல் ஏற்றி, பென்டிரைவிலிருந்து நேரடியாக இயங்கும்படி செய்த தொகுப்புதான் ஜிபார்ட்டெட் லைவ். தரவிறக்கும் கோப்பு ஒரு ஜிபியைக்கூட எட்டாது. எந்த லினக்ஸின் லைவ் பென்டிரைவிலும் ஜிபார்ட்டெட் கிடைக்குமே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். பொதுவான லைவ் பென்டிரைவுகளில் சில, வன்தட்டில் ஸ்வாப் பார்ட்டிஷன் (நினைவகம் போதாதபோது உதவும் பகுதி) இருந்தால் தாமாகவே அதைப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்கின்றன. அப்போது அந்தப் பார்ட்டிஷனின் மேல் பூட்டுச் சின்னம் தோன்றும்; அதை விடுவிக்கும் வரை அதை நகர்த்தவோ அளவை மாற்றவோ முடியாது. இதைப் பழுது என்று நினைத்துப் பலர் மணிக்கணக்கில் குழம்புவதுண்டு. தனித் தொகுப்பில் அந்தத் தொல்லை இல்லை.

தொடங்கும்போது விசைப்பலகை, மொழி, திரை முறை ஆகிய மூன்றையும் பழைய பாணியில் எழுத்துத் திரையிலேயே கேட்கும். மூன்றுக்கும் என்டர் விசையை அழுத்திவிட்டுப் போகலாம். அழகுக்கு இதில் மதிப்பெண் கொடுக்க முடியாது.

இதன் உண்மையான பலம், நாம் சொல்லும் எதையும் இது உடனே செய்வதில்லை என்பதே. சி டிரைவைச் சுருக்கு, காலியிடத்தில் புதிய பார்ட்டிஷன் உருவாக்கு, அதை லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஆக வடிவமை என்று மூன்று கட்டளைகள் கொடுத்தால், மூன்றும் கீழே ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ள படம் மட்டும் எல்லாம் முடிந்தபின் வன்தட்டு எப்படியிருக்கும் என்று மாறிக் காட்டும். பச்சை நிறச் சரிக்குறியை அழுத்தி, இன்னொரு முறை உறுதி செய்த பிறகுதான் வன்தட்டில் ஒரு பைட்டாவது மாறும். அதுவரை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். மனக்கணக்கு தப்பும் இடம் இதுவே என்பதால், பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலக்கு உண்டு. அதுதான் மிகவும் ஆபத்தானது. எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று வட்டில் எழுதி வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையைப் புதிதாக உருவாக்கும் கட்டளை பட்டியலில் காத்திருப்பதில்லை. எச்சரிக்கைப் பெட்டியில் சம்மதித்த அக்கணமே செயல்பட்டு, பழைய அட்டவணையை அழித்துவிடும். பார்ட்டிஷன்களின் பயனைக் குறிக்கும் அடையாளங்களான கொடிகளை மாற்றுவதும் அப்படித்தான், ஆனால் அதை மறுபடி மாற்றிக்கொள்ளலாம். எல்லாமே காத்திருந்து நடக்கும் கருவியில் ஒன்று மட்டும் உடனே நடந்தால், கை பழகியவருக்குத்தான் அதிக ஆபத்து. வடிவமைப்பில் எனக்கு உடன்பாடு இல்லாத முதல் இடம் இது.

இனி அன்றாட வேலைக்கு வருவோம். இரண்டாவது இயங்குதளத்துக்கு இடம் வேண்டுமென்றால் பெரும்பாலும் சி டிரைவைத்தான் சுருக்க வேண்டும். விண்டோஸின் சொந்த வட்டு மேலாண்மைத் திரையிலேயே இதைச் செய்யலாம். எளிய நிலைகளில் அதுவே போதும். ஆனால் 200 ஜிபி காலியாக இருந்தும் 9 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்று அது சொல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காரணம், விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது பேஜ் ஃபைல் (நினைவகத்துக்குத் துணையான கோப்பு), ஹைபர்னேஷன் கோப்பு (உறங்கும் முன் நினைவகத்தில் உள்ளதைச் சேமிக்கும் கோப்பு), மீட்புப் புள்ளிகள் போன்றவற்றை இடம் மாற்ற முடியாது. அவற்றில் ஏதேனும் ஒன்று டிரைவின் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதற்கு இப்பால் சுருக்க வழியில்லை. குறுக்கே நிற்கும் கோப்பு எது என்பதை விண்டோஸே எழுதியும் வைக்கிறது: நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தால் அந்தக் கோப்பின் பெயர் இருக்கும். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் மீட்புப் புள்ளிகளை உருவாக்கும் சிஸ்டம் புரொட்டெக்‌ஷனையும் தற்காலிகமாக நிறுத்தி, கணினியை மறுதொடக்கம் செய்து முயன்றால், 9 ஜிபி சட்டென்று 100 ஜிபியைத் தாண்டுவதும் உண்டு.

அப்படியும் நகராத டிரைவுகளில்தான் ஜிபார்ட்டெட்டின் அருமை தெரியும். விண்டோஸ் இயங்காதபோது வேலை செய்வதால், விண்டோஸால் தொட முடியாத கோப்புகளையும் இது நகர்த்திவிடும். அதைச் செய்யும் முறையும் நிதானமானது. வேலை ஓடும்போது விவரங்களை விரித்துப் பார்த்தால், முதலில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையைச் சோதிப்பதும், பிறகு எதையும் எழுதாமல் ஒத்திகை பார்ப்பதும், ஒத்திகை பிசகின்றி முடிந்த பிறகே உண்மையான சுருக்கத்தைத் தொடங்குவதும் வரிவரியாகத் தெரியும். வேலை முடிந்தபின் விண்டோஸ் முதன்முறை தொடங்கும்போது டிரைவைச் சோதிக்கச் சொல்லிக் குறிப்பும் விட்டுவைக்கும். எனவே அந்தச் சோதனைத் திரையைக் கண்டு பதற வேண்டாம். அதை இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

டிரைவில் ஏதேனும் முரண்பாடு இருந்தால் ஜிபார்ட்டெட் கை வைக்க மறுத்துவிடும். பார்ட்டிஷனின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம் தோன்றும். விவரத்தைத் திறந்தால், விண்டோஸில் டிரைவைச் சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளையைப் பழுதுநீக்கும் முறையில் இயக்கிவிட்டு, பிறகு விண்டோஸை இரண்டு முறை மறுதொடக்கம் செய்யுமாறு எழுதியிருக்கும். ‘இரண்டு முறை’ என்பது அச்சுப் பிழை அல்ல. முதல் தொடக்கத்தில் சோதனை நடக்கும், இரண்டாவதில்தான் டிரைவ் சுத்தமாக மூடப்படும். இதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்வதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் என்டிஎஃப்எஸ் டிரைவில் வெளியிலிருந்து எதையும் எழுதக் கூடாது. அவசரத்துக்கு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக மூடும்.

விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் (தரவைப் பூட்டிவைக்கும் வசதி) உள்ள டிரைவை ஜிபார்ட்டெட்டால் சுருக்க முடியாது. புதிய கணினிகள் பலவற்றில் இந்தக் குறியாக்கம் உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், தொடங்கும் முன் விண்டோஸில் அதைச் சரிபார்த்து, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அத்தகைய டிரைவை விண்டோஸின் வட்டு மேலாண்மையிலேயே சுருக்கிக்கொண்டு, கிடைத்த காலியிடத்தில் மட்டும் ஜிபார்ட்டெட்டைப் பயன்படுத்தலாம்.

இப்போது, இதற்கு நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கக் காரணமான சம்பவம். பழைய 500 ஜிபி வன்தட்டு ஒன்றில் லினக்ஸ் நிறுவப் போனேன். விண்டோஸ் அதில் குறையின்றி இயங்கிக்கொண்டிருந்தது. எல்லா டிரைவ்களும் திறந்தன. ஆனால் நிறுவல் நிரல் வன்தட்டு முழுவதையும் காலி என்றது. ஜிபார்ட்டெட்டைத் திறந்தேன், அதுவும் முழு வன்தட்டையும் ஒரே சாம்பல் நிறப் பட்டையாக வரைந்து, ஒதுக்கப்படாத இடம் என்று காட்டியது. நான்கு டிரைவ்கள் இருக்கும் வன்தட்டைக் காலி என்று இரண்டு நிரல்கள் சாதித்தால், யாருக்கும் ஒரு நொடி நெஞ்சு அடைக்கும். புதிய அட்டவணை உருவாக்கலாமா என்று கை துறுதுறுத்தது உண்மை. நல்ல வேளையாக, அந்தச் சாம்பல் பட்டையின் வரிசையிலும் சிறிய எச்சரிக்கை முக்கோணம் இருந்ததைக் கவனித்தேன். தகவல் பெட்டியைத் திறந்தபோது ஒற்றை வரி இருந்தது: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் பார்ட்டிஷன்கள் இருக்கக் கூடாது.

அவ்வளவுதான். எவை எவற்றின் மேல் ஏறியுள்ளன, எவ்வளவு ஏறியுள்ளன என்று எதுவும் இல்லை. அட்டவணையில் ஒரு வரி தவறாக இருந்தாலும் லிப்பார்ட்டெட் அந்த அட்டவணையை முழுவதுமாகப் படிக்க மறுத்துவிடும். படிக்காத அட்டவணையை ஜிபார்ட்டெட் காலியிடமாக வரைகிறது. மறுப்பது சரி, ஆனால் ‘படிக்க முடியவில்லை’ என்பதையும் ‘எதுவும் இல்லை’ என்பதையும் ஒரே சாம்பல் பட்டையால் காட்டுவது சரியல்ல. விண்டோஸ் அவ்வளவு கண்டிப்பாக இல்லாததால் அதே அட்டவணையை வைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

விடை அதே பென்டிரைவில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளையால் அட்டவணையை ஒரு கோப்பாக எழுதி எடுத்தேன். மூன்றாவது பார்ட்டிஷன் 419432448ஆம் செக்டரில் (செக்டர் என்பது வட்டின் மிகச் சிறிய சேமிப்பு அலகு) தொடங்கி 104857600 செக்டர்கள் நீள்கிறது. இரண்டையும் கூட்டினால் 524290048. நான்காவது பார்ட்டிஷனோ 524288000இலேயே தொடங்கிவிடுகிறது. அதாவது மூன்றாவதன் வால் நான்காவதன் தலைமேல் 2048 செக்டர்கள், சரியாக ஒரு எம்பி, ஏறிக்கிடந்தது. எப்போதோ ஏதோ பழைய மென்பொருள் எழுதிய பிழை. இனி, பொய் சொல்வது அட்டவணையா, உள்ளிருக்கும் கோப்பு முறைமையா என்று பார்க்க வேண்டும். என்டிஎஃப்எஸ் தன் முதல் செக்டரிலேயே தன் மொத்த செக்டர் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கும். அதில் இருந்த எண் 104855551. என்டிஎஃப்எஸ் கடைசிச் செக்டரைத் தன் முதல் செக்டரின் நகலுக்கென்று விட்டுவைப்பதால், பார்ட்டிஷனின் உண்மையான நீளம் 104855552. நான்காவதன் தொடக்கத்தோடு அது அச்சாகப் பொருந்தியது. முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, எடுத்த கோப்பில் அந்த ஓர் எண்ணை மட்டும் திருத்தி, அதே கட்டளையால் திரும்ப எழுதினேன். ஜிபார்ட்டெட்டைப் புதுப்பித்தபோது நான்கு பார்ட்டிஷன்களும் வண்ணவண்ணமாக வந்து நின்றன. கோப்பு முறைமையே அடுத்ததன் எல்லைக்குள் நீண்டிருந்தால் இந்த வழி பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த நிலையில் தரவை வெளியே எடுத்துவிட்டு வன்தட்டைப் புதிதாகப் பிரிப்பதே சரி.

அட்டவணையே அழிந்துபோனவர்களுக்கு, டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியும் இந்தத் தொகுப்பில் உள்ளது. அழிந்த பிறகு வன்தட்டில் வேறெதையும் எழுதாதவரை, பழைய பார்ட்டிஷன்களின் எல்லைகளை அது தேடிக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

காலியிடம் இருந்தும் பார்ட்டிஷன் உருவாக்க முடியாத நிலைக்குக் காரணம் பெரும்பாலும் பழைய எம்பிஆர் அட்டவணைதான். 1983இல் ஐபிஎம் கணினிகளின் டாஸ் 2.0 இயங்குதளத்துடன் வந்த அந்த முறையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மட்டுமே இடம். பல கணினிகளில் விண்டோஸும் தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பகுதிகளும் நான்கையும் நிரப்பியிருக்கும். ஜிபார்ட்டெட் இதைத் தெளிவாகவே சொல்லும்: நான்கில் ஒன்றை நீக்கி, அதனிடத்தில் நீட்டிக்கப்பட்ட பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, அதற்குள் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதே நிலையில் விண்டோஸின் வட்டு மேலாண்மையில் ஐந்தாவதை உருவாக்க முயன்றால், வட்டை டைனமிக் வகைக்கு மாற்றட்டுமா என்று அது கேட்கும். அங்கே சம்மதித்துவிட்டால் ஜிபார்ட்டெட்டாலும் நிறுவல் நிரல்களாலும் அந்த வட்டில் பயனுள்ள வேலை எதுவும் செய்ய முடியாது. அந்தக் கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்பதே விடை. கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ வசதியுள்ள கணினியானால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து வரும் எம்பிஆர்டூஜிபிடி என்ற கட்டளையால் தரவு இழக்காமல், எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி அட்டவணைக்கு மாறலாம். ஆனால் அதற்கும் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கும் நிரம்பியவர் எப்படியும் ஒன்றை இழந்தே ஆக வேண்டும். ஜிபிடியில் இயல்பாகவே 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உள்ளதால் இந்தச் சிக்கலே எழாது.

ஜிபார்ட்டெட்டின் அளவு மாற்றும் பெட்டியில் இருபுறமும் அம்புகள் உண்டு. வலது அம்பை இழுத்தால் சுருங்கும். இடது அம்பை இழுத்தால் பார்ட்டிஷனின் தொடக்கமே நகரும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், இரண்டாவதில் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் புதிய இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். முதல்முறை பயன்படுத்தியபோது சிறிது காலியிடத்தை ஒட்டவைக்கும் ஆசையில், 200 ஜிபிக்கு மேல் தரவிருந்த பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டு, இரவு முழுவதும் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று விழித்திருந்தவன் நான். இடையில் நின்றால் தரவு பாதி அங்கும் பாதி இங்குமாகப் போய்விடும். மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகாமல் இதைத் தொடங்கவே கூடாது. விண்டோஸ் கணினிகளில் சி டிரைவுக்குப் பின்னால் உள்ள சிறிய மீட்புப் பார்ட்டிஷனை நகர்த்திக் காலியிடத்தை ஒழுங்காக்கப் பலர் துடிக்கிறார்கள். ஜிபிடி வட்டில் அது தேவையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் லினக்ஸ் நிம்மதியாகக் குடியிருக்கும். அதுபோலவே, இயங்குதளங்களைத் தொடங்கும் நிரல்கள் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை அழிக்கவோ வடிவமைக்கவோ வேண்டாம். இரண்டு இயங்குதளங்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும்.

வட்டே பட்டியலில் வராவிட்டால் அது ஜிபார்ட்டெட்டின் குறை அல்ல. பயாஸ் அமைப்பில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பகம், பல வட்டுகளை இணைத்து நடத்தும் ரெய்டு முறையில் இருக்கக்கூடும். அதை, வட்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும் முன் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்குமாறு அமைத்துவிட்டு, மாற்றியபின் ஒருமுறை அப்படியே தொடங்க விட்டு, பிறகு அந்த அமைப்பை நீக்கினால் விண்டோஸ் முரண்டு பிடிக்காது. உண்மையிலேயே இரண்டு வட்டுகளை ரெய்டாக இணைத்து வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. பென்டிரைவைத் தொடங்கும்போது விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையை, பெரும்பாலும் யூஇஎஃப்ஐயை, தேர்ந்தெடுப்பதும் முக்கியம்.

நிறுவல் நிரல்களுக்குள்ளேயே இருக்கும் பிரிப்புத் திரைகளோடு ஒப்பிட்டால், ஜிபார்ட்டெட்டில் ஒருநாள் தனியாக வேலையை முடித்து, விண்டோஸ் ஒழுங்காகத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாள் லினக்ஸ் நிறுவுவதே எனக்குப் பிடித்த வழி. ஏதேனும் தவறினால், தவறியது பிரிப்பிலா நிறுவலிலா என்ற குழப்பம் எழாது. புதிய வட்டு, ஜிபிடி, குறியாக்கம் இல்லை என்றால் நிறுவல் நிரலின் தானியங்கித் தேர்வே போதும். இந்தக் கருவி தேவைப்படாது. வட்டு பழையது, பலர் கைபட்டது, அல்லது விண்டோஸ் சுருங்க மறுக்கிறது என்றால் இதைவிட நம்பகமான இலவசக் கருவி எதையும் நான் பயன்படுத்தியதில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சாம்பல் பட்டையில் ‘படிக்க முடியவில்லை’ என்று எழுதும் நாளில் ஐந்தும் கொடுப்பேன்.

வேலை முடிந்ததும் கடைசிப் பெட்டியில், விவரங்களைச் சேமிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். ஒவ்வொரு படியும், ஒவ்வொரு செக்டர் எண்ணும் அதில் பதிவாகும். பின்னால் எதையாவது திருத்த நேர்ந்தால் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஆனால் லைவ் முறையில் அந்தக் கோப்பு தற்காலிக நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும். இன்னொரு பென்டிரைவில் அதை நகலெடுத்துக்கொண்டு அணையுங்கள்.